செய்யட்டுமா

தார்த்துவில் பிப்ரவரி. ஆறு உறைந்து கிடக்கிறது.
மூன்றாம் மாடியில், ஹீட்டர் முனகும் அறையில்
ஒரு வேலைக்காரனை வரைந்துகொண்டிருக்கிறோம்.
கை இல்லை, கால் இல்லை, சம்பளம் இல்லை.
மின்னஞ்சல் பிரிப்பான், பில் கட்டுவான்,
பல் டாக்டரிடம் நேரம் வாங்குவான்.

முதல் வடிவம் முந்திரிக்கொட்டை.
லீவி கோபத்தில் எழுதி
அனுப்பாமல் வைத்திருந்த ராஜினாமாவை
எழுத்துப்பிழை திருத்தி
மேலாளருக்கு அனுப்பிவிட்டான்.
அதன் பிறகுதான் ஒவ்வொரு வினையின் வாலிலும்
ஒரு 'ட்டுமா' ஒட்டினோம்.
அனுப்பட்டுமா, அழிக்கட்டுமா, கட்டட்டுமா.
இரண்டாம் வாரமே லீவி கத்தினாள்:
"மூச்சு விடட்டுமா என்றும் கேட்கச் சொல்லுங்கள்!"

சோதனைக்கு ஒப்புக்கொண்டவர் ஹெல்டூர்,
பேருந்துப் பணிமனையில் டயர்க் கணக்கு எழுதுபவர்.
ஆறு வாரம் அவர் கணினியில் தங்கினான் எங்கள் ஆள்.
பதிவேட்டைப் புரட்டினேன்.
ரசீதுகளுக்குப் பெயர் வைத்திருக்கிறான். சரி.
குளிர்கால டயர்ப் பட்டியல், ஒன்பது நிமிடம் மிச்சம். சரி.
பிறகு இது:

வியாழன், நான்கு பத்து. 'படகு' என்ற கோப்பைத் திறக்கிறார்.
பதினோரு நிமிடம். எதையும் தொடவில்லை. மூடுகிறார்.
அடுத்த வியாழனும்.
அதற்கடுத்ததும்.
நான்காம் முறை எங்கள் ஆள் பணிவோடு கேட்டிருக்கிறான்:
இதை உங்களுக்காக நானே திறந்து மூடட்டுமா?

டீவோ சிரித்தான். நானும்தான்.

"வேண்டாம் என்று அழுத்தினேன்" என்றார் ஹெல்டூர்.
"அடுத்த வாரமும் கேட்டது."
கையுறையைக் கழற்றி மடியில் வைத்தார்.
"அப்புறம் வெள்ளிக்கு மாற்றிக்கொண்டேன்.
அதற்குத் தெரியாத கிழமை."

கோப்பில் என்ன என்று நான் கேட்கவில்லை.
அந்தக் கேள்விக்குப் படிவத்தில் கட்டம் இருந்தது.
காலியாக விட்டேன்.

இரவு ஏழரைக்கு ஒரு விதி எழுதினேன்:
எதையும் மாற்றாமல் ஒருவர்
ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தால்
அது வேலையல்ல. பக்கத்தில் போகாதே.
மறுநாளே தோற்றது விதி.
காபி எடுக்கப் போனவர்களின் திரைகளையெல்லாம்
மரியாதையோடு காவல் காத்தது.
இருக்கட்டும், திருத்தலாம்.

இன்று வியாழன். நான்கு பத்து.
சோதனை முடிந்தும் கண் கடிகாரத்துக்குப் போகிறது.
ஹெல்டூர் பழைய கிழமைக்கே திரும்பினாரா, தெரியாது.
தெரியாமல் இருப்பதற்குத்தான்
அந்த வரியை எழுதினேன்.