பதினொன்றாம் குப்பி

கலாமாவில் பின்னிரவு மூன்றரை.
வெளியே பாலைவனம் விறைத்துக் கிடக்கிறது.
உள்ளே ஆர்கான் சுடர், விரல்நுனி அளவே;
அதை நேரே பார்க்காதே என்பாள் நயரெத்.

தட்டில் குப்பிகளை அடுக்குகிறாள்.
முதலில் வெற்று நீர்:
எதுவும் இல்லை என்று சொல்ல மட்டுமே
வந்த சாட்சி.
அடுத்து, பத்து என்று நாங்களே கலக்கி
பத்து என்றே பெயரிட்ட திரவம்.
பிறகு இருபது ஊர்த் தண்ணீர்.
அவற்றுள் ஒன்றை இரண்டாகப் பிரித்து
ஒன்றையொன்று அறியாத இரட்டையராய் உட்காரவைப்பாள்.
இன்னொன்றில் ஒரு துளி ஆர்சனிக் கூடுதலாய் விட்டு
திரும்பக் கிடைக்கிறதா பார்ப்பாள்.
கடைசியில் மறுபடி அந்தப் பத்து.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்தான்.
இங்கே அந்த ஒரு சோறு
நாமே வேகவைத்து எண்ணிப் போட்டது.
அது பிசகினால் பானையே கவிழும்.

இருபதும் அந்நியம்.
லோவா ஆற்றின் மேல்முனை,
சுரங்கத் தொழிலாளர் விடுதியின் சமையலறை,
முந்தாநாள்வரை பூட்டிக்கிடந்த ஒரு பள்ளி.
ஒரே இரவில் ஒரே குழாய் வழியே போவதால்
உறவு.

பதினொன்றின் சீட்டில் பென்சில் எழுத்து:
‘இரண்டாவது குழாய். ஆடுகள் குடித்த பிறகு எடுத்தது.
எதுவானாலும் சொல்லுங்கள். எவ்லோஹியா கோல்கே.’

திரையில் ஒன்பது புள்ளி ஆறு.
எல்லை பத்து.
அறிக்கை தட்டுகிறவன் நான்,
எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

கடைசிப் பத்து வந்தது:
பதினொன்று புள்ளி எட்டு.

“கூட்டித்தானே காட்டுகிறது” என்றேன்.
“அப்படியானால் உண்மை இன்னும் குறைவு.
நல்ல பக்கமாகத்தான் சாய்ந்திருக்கிறது.”
“சாய்ந்தது தெரிகிறது.
எப்போது சாய்ந்தது?
ஆறிலா, பதினைந்திலா?”

எனக்குத் தெரியாது.

இருபது எண்களின் மேலும் ஒரே கோடு.
நல்லவை, கெட்டவை, விளிம்பில் தயங்கியவை
எல்லாம் ஒரே மையில் போயின.
பத்தொன்பது சரியாகவே இருந்திருக்கலாம்.
அதுதான் எனக்கு உறுத்தியது.
உனக்குமா என்று அவளைக் கேட்கவில்லை.

பம்பைத் திறந்தாள்.
உருளைகள் மிதித்து மிதித்து
ரப்பர் குழல் நாடாவாய்த் தட்டையாகியிருந்தது,
மதியச் சாப்பாட்டைவிட மலிவான குழல்.
மாற்றி, மீண்டும் சுடரேற்றி,
சூடாகும்வரை அரைமணி.
நடைபாதையில் நின்று ஆரஞ்சு உரித்தாள்.
தோலின் வாசனைகூட உள்ளே வரக்கூடாதென்று
இரண்டு முறை கை கழுவினாள்.

எவ்லோஹியாவின் புட்டியில் மிச்சம்
இன்னும் ஒரே ஒரு முறைக்குக் காணும்.
அதுவும் போனால்
மறுபடி ஆடுகள், மறுபடி பென்சில்,
வாரத்துக்கொன்றாய் மலையிறங்கும் பேருந்து.

புதிய தொகுதி எண். புதிய பக்கம்.
அடித்ததைப் படிக்க முடிகிற மாதிரியே
அடிக்க வேண்டும் என்பது விதி;
கோட்டுக்கு அடியிலிருந்து
ஒன்பது புள்ளி ஆறு என்னையே பார்க்கிறது.

ஊசி இறங்குகிறது,
முதல் குப்பியில்
ஒன்றுமில்லாததை உறிஞ்சுகிறது.
திரையில் சுழியம் வரும்வரை
நயரெத் மூச்சைக்கூட
வேறு பக்கம் திரும்பி விடுகிறாள்.