நம்ம போர்

முதல் பாகத்தை வெள்ளகோயிலில் பார்த்தோம்,
கம்ப்ரசர் இரைச்சலில், சத்தம் கேட்காமல்,
டீசல் கேனில் சாய்த்து வைத்த போனில்.
ஜப்பான்காரர்கள் வரைந்த தொடர்.
போர் வண்டி வருதுங்ணா, பாருங்க என்றான் லோகு.
சண்டைப்படம் என்றுதான் உட்கார்ந்தேன்.
செவ்வாய்க்கு அந்தப்பக்கம் ஒரு பாறை,
அதன்மேல் மாஸ்ட் நிமிர்த்திய வண்டி,
மூன்று ஆண்கள், ஒரு பெண்,
பனிக்கட்டி தேடித் துளை போடுகிறார்கள்.
அட, நம்ம போர்.

இரண்டாம் பாகம் முழுக்க ராடு மாட்டினார்கள்.
வேறொன்றும் நடக்கவில்லை.
இருபத்தேழு ராடு, நான் எண்ணினேன்.
இசுமி என்கிற அந்தப் பெண்
மேலே வரும் தூளை உள்ளங்கையில் வாங்கி
கண்ணாடித் தொப்பிக்குள்ளிருந்து பார்த்தாள்.
வெள்ளை. சாம்பல். மறுபடி வெள்ளை.
பாவம், அவளால் மோந்து பார்க்க முடியாதே என்றேன்.
புத்ராம் தன் கையை மூக்கருகே கொண்டுபோனான்.
பஸ்தர்க்காரன். கீழே ஓடும் எழுத்து தெரியாது.
அதுவரைக்கும் அவனுக்கு எதுவும் விட்டுப்போகவில்லை.

நாலாவதில் ஹேமர் சிக்கிக்கொண்டது.
கூட நின்ற எவனோதான் அதை வரைந்திருக்கணும்.
இழுக்கவும் முடியாமல் விடவும் முடியாமல்
நாலு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் நின்றது
நத்தக்காடையூரில் நாங்கள் நின்றதேதான்.
"இன்னுமொரு நூறடி போய்ப் பாக்கலாமுங்களா?"
காட்டுக்காரர் சென்னியப்பன் கேட்டபோது
நாங்கள் குனிந்து பார்த்த அதே தரை
அந்தப் பாறையிலும் இருந்தது.

ஏழாவதில் கப்பல் கப்பலாக இறங்கின.
அந்தப் போர் வந்துவிட்டது.

இசுமியின் நெற்றியில் திடீரென்று ஒரு வெளிச்சம்.
அண்டத்தைக் காக்கப் பிறந்தவளாம்.
தூள் வாங்கிய கையில் வாள்.
நீள முடியோடு ஓர் இளவரசன்,
அவனுக்காக நாற்பது நொடி கண்ணீர்.
வண்டியை ஒரு மூலையில்
மாஸ்ட்டைக்கூட இறக்காமல் விட்டுப்போனார்கள்.
எந்த டிரைவர் அப்படிப் போவான்?
புத்ராம் எழுந்து ஆயில் பார்க்கப் போனான்.

நான் பன்னிரண்டையும் பார்த்தேன்.
எண்ணூறடியிலும் புழுதியே பறக்கும் காட்டில்
எழுந்து போகாமல் நிற்கிற ஆளுக்கு
இது ஒரு பொருட்டில்லை.
கடைசியில் எல்லாரும் கைகோத்துச் சிரித்தார்கள்.
துளையைப் பற்றி ஒரு பேச்சு இல்லை.
ஈரம் வந்ததா?
மூடியாவது போட்டார்களா?

இப்போது மூலனூருக்குத் தெற்கே ஒரு சோளக்காடு,
ராத்திரி இரண்டரை.
முப்பத்திரண்டாவது ராடு இறங்கி முடிந்தது.
அறுநூற்றி நாற்பது அடி. தூள் சாம்பலாகி
மறுபடி வெள்ளை.
புத்ராம் கை நீட்டுகிறான், மோந்து பார்க்கிறான்,
என் பக்கம் திரும்பித் தலையை ஆட்டுகிறான்.
ஆமாமா இல்லையா, இந்த இரைச்சலில் கேட்கவும் முடியாது.
இந்த இடத்தில்தான், சரியாக இங்கேதான்,
அவர்கள் கதையை விட்டுவிட்டுக் கிளம்பினார்கள்.

அடுத்த ராடுக்கு விரலைக் காட்டுகிறேன்.