மூன்றாம் நாள்

மூன்றாம் நாளில்தான் வருவார்கள்.
முதல் நாள் ரயில், இரண்டாம் நாள் சூரிய உதயம்,
மூன்றாம் நாள் அப்புத்தளை டவுனில் எங்கள் பார்மசி.

இவள் பெயர் ஃபென்னா.
கண்ணாடி அலுமாரியைப் பிடித்தபடி
போனைத் தட்டி நீட்டுகிறாள். அது தமிழில் சொல்கிறது:
‘என் வயிறு ஓடுகிறது, தயவுசெய்து நிறுத்துங்கள்.’
நஸ்லிம் முதலாளி சிரிப்பை இருமலாக்கிக்கொண்டு
பின்னறைக்குப் போகிறார்.

ஊசி போட்டுத்தான் விமானம் ஏறினாளாம்.
பல் துலக்கவும் போத்தல் தண்ணீராம்.
பழத்தைத் தானே உரித்தாளாம்.
ரயிலில் வந்த வடையைக் கும்பிட்டு அனுப்பிவிட்டாளாம்.
பாவம் அந்த வடை,
கொதியெண்ணெயில் குளித்துவிட்டு வந்தது.

எல்லயில் தேசிக்காய் ஜூஸ் குடித்தாயா?
குடித்தேன்.
ஐஸ் போட்டு?

கண்ணை மூடிக்கொள்கிறாள்.
ஐஸும் தண்ணீர்தான் என்பது
எவ்வளவு படித்தவருக்கும் மறந்துபோகிறது.

எனக்கும் மறந்தது.
போன மாசியில் பூட்டனின் ஊரைப் பார்க்கப் போனேன்,
துறையூருக்கு அந்தப் பக்கம்.
ஊர்வரை போய்ச் சேரவில்லை.
திருச்சி பஸ் நிலையத்தில் கரும்புச்சாறு,
ஐஸ் தூக்கலாக.
என் பிறப்புச் சான்றிதழில் இன்றைக்கும்
‘இந்தியத் தமிழர்’ என்றுதான் இருக்கிறது.
குடலுக்கு வாசிக்கத் தெரியவில்லை.
நான்கு நாள் லாட்ஜ் கக்கூஸில் குந்தியிருந்தேன்.
ஃபாரினா, என்றார் டாக்டர்.
நானா, என்று கேட்க வாயில் ஈரமில்லை.
அதே சாற்றைக் குடித்த ஆட்டோக்காரர்
வாசலில் நின்று இட்லி தின்றுகொண்டிருந்தார்.

லயத்துப் பீலித் தண்ணீரில் வளர்ந்தவள் நான்.
அடைமழைக்கு மேல்மலைச் சாணமும் கரைந்து
பிளேன்டீ நிறத்தில் வரும்.
அதற்கே பழகின வயிறு என்று வீம்பு பேசுவோம்.
பழகாமல் போன என் தம்பியை,
பதினொரு மாசம்,
அந்தக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை.

ஜீவனி நான்கு பைக்கற் எடுத்து வைக்கிறேன்.
பைக்கற்றுக்கு ஒரு லீட்டர், கொதித்தாறின தண்ணீர்,
மடக்கு மடக்காக. அவசரப்படாதே.
காய்ச்சல் அடித்தால், இரத்தம் போனால்
என்னிடம் வராதே,
தியத்தலாவை ஆஸ்பத்திரிக்கு ஓடு.
‘ஓடு’ என்றதைப் போன் எப்படி மொழிபெயர்த்ததோ,
அவள் முகம் மாறுகிறது.
எங்கே, எங்கே என்று கையால் கேட்கிறாள்.
லாச்சியிலிருந்து முதலாளியின் சாவியை எடுத்துக் கொடுத்து
மாடிப்படியைக் காட்டுகிறேன்.
செருப்பொன்று கீழ்ப்படியிலேயே கிடக்கிறது.

கதவுக்கு வெளியே நிற்கிறேன்,
வீட்டிலிருந்து கொண்டுவந்த சுடுதண்ணீர்ப் பிளாஸ்க்கோடு,
அவளுடைய செருப்போடு.
உள்ளேயிருந்து அவள் மொழியில் ஏதோ முனகல்.
போன் என் கையில்தான் இருக்கிறது.
வாளியில தண்ணி நிறைய இருக்கு, பயப்படாத என்று
தமிழிலேயே சொல்கிறேன்.