இருபத்து மூணே முக்கால்

ஷேக்கிளின் வளைவில் புடைத்திருக்கும் எண்
நாலேமுக்கால்.
பெயின்ட் உரிந்தாலும் விரலால் படிக்கலாம்.
இந்தக் காலாண்டின் நிறம் பச்சை.
போன காலாண்டின் மஞ்சள் அதற்கடியில்
விட்டுப்போன காய்ச்சல்போல எட்டிப் பார்க்கிறது.

துக்ம் உலர்துறை, ஜூலை, காலை ஆறு ஐம்பது.
கடல் புகையாக எழுந்து
முகத்தில் உப்பை அறைகிறது.
லாரியில் ஒரு பம்ப் உட்கார்ந்திருக்கிறது,
ஐந்தேகால் டன்,
கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி.

"அரை டன்தானே கூட" என்கிறார் பிஜோய் குருவிளா.
"உடையணும்னா இருபத்தெட்டரை வேணும். ஆறு மடங்கு.
கணக்கு உங்களுக்கே தெரியும்."

தெரியும்.
நாலேமுக்கால் போக
மிச்சம் இருபத்து மூணே முக்கால்.
சும்மா கிடக்கும் நிலத்தைப்போல அதைப் பார்க்கிறார்.
ஓரமாக அரை டன்னுக்கு ஒரு கொட்டகை போட்டால்
யார் கேட்கப்போகிறார்கள்?

புறம்போக்கு இல்லை சார் அது.
பட்டாதாரர்கள் இருக்கிறார்கள்.
தென்மேற்கிலிருந்து வரும் காற்று முதலில்;
எதைத் தூக்கினாலும் பாய்மரம் என்று நினைத்துக்கொள்ளும்.
தொய்ந்த ஸ்லிங் வெடுக்கென்று விறைக்கும் அந்த ஒரு உதறலுக்குப் பங்குண்டு.
உப்புக்கு உண்டு, வருஷம் தவறாமல் வசூலிக்கும்.
டிராயிங்கில் இருப்பது காலிப் பம்பின் எடை,
சோதனைக்கு விட்ட தண்ணீரை வடிக்காமலே
அனுப்பிவைத்திருப்பார்களோ,
அவர்களுக்கும்.

பிறகு ஜர்வாலி கானுக்கு.
இரவு மூன்று மணிக்குக் கோஹாட்டிலிருந்து போன்.
மகளுக்கு மூச்சுத் திணறல்.
காலையில் கேபினில் ஏறினான்,
பிரேக் பார்த்தான், ஹாரன் அடித்தான், எல்லாம் சரி.
ஆனால் என் கை 'நிறுத்து' என்று விரியும்போது
அவன் கை அரை நொடி கோஹாட்டில் இருக்கும்.
அந்த அரை நொடி எத்தனை டன்?
எந்தச் சர்ட்டிபிகேட்டிலும் இல்லை.

"ஸ்டோர்ல ஆறரை டன் ஷேக்கிள் இருக்கு" என்றேன்.
"ஸ்டோர்கீப்பர் ஒன்பதுக்குத்தான் வருவான்."
"வரட்டும்."
வாட்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
மலையாளத்தில் ஏதோ சொன்னார்.
காற்று எடுத்துக்கொண்டது,
தன் கணக்கில்.

கயிறு பிடிக்க வந்த இருவரும் டயர் நிழலில் தூங்கிவிட்டார்கள்.
ஆளேற்றும் கூடை ஓரமாகக் கிடந்தது.
அதன் கயிற்றுக்குப் பத்து மடங்கு.
இரும்புக்கு ஆறு, ஆளுக்குப் பத்து.
எங்கோ ஒரு மேஜையில் உட்கார்ந்து
யாரோ நம்மை இரும்பைவிட ஒரு படி ஏற்றி எழுதியிருக்கிறார்.
நேரில் கண்டால் ஒரு டீ வாங்கிக் கொடுக்கலாம்.

கூடையை விட்டு இறங்கினால் அந்தச் சட்டம் செல்லாது.
சம்பளம் நூற்றுத் தொண்ணூறு ரியால்.
ஏஜென்ட் கடனுக்கு வட்டி, வீட்டு வாடகை,
தங்கையின் நர்சிங் பீஸ், மெஸ்:
நூற்று எழுபத்தாறு.
ஷேக்கிள் பெட்டியின் மூடியில் சாக்பீஸால் வகுத்துப் பார்த்தேன்.
ஒன்று புள்ளி பூஜ்யம் எட்டு மடங்கு.

இப்படியொரு ஸ்லிங் என் கையில் கிடைத்தால்
பச்சை அடிக்க மாட்டேன்,
அங்கேயே இரண்டாக வெட்டிக் குப்பையில் போடுவேன்.
மூடியை உள்ளங்கையால் துடைத்தேன்.

ஒன்பது இருபதுக்கு ஆறரை வந்தது.
எண்ணைத் தடவிப் பார்த்தேன். பின்னைத் திருகினேன்.
காற்றும் கொஞ்சம் தணிந்திருந்தது.
பத்து மணிக்குள் பம்ப் மேடையில் இறங்கியது,
நாலு போல்ட்டும் நாலு துளையில்,
ஒரு தட்டுக்கூடத் தட்டவில்லை.

ஒன்றும் நடக்கவில்லை.
ஒன்றும் நடக்காததற்கு
எங்கள் கம்பெனியில் படிவம் கிடையாது.
தாமதத்துக்கு உண்டு.
இரண்டரை மணி நேரம் என்று நிரப்பிவிட்டு
'காரணம்' என்ற கட்டத்தின் மேல்
பிஜோய் பேனாவைத் தூக்கிப் பிடித்திருந்தார்,
தொங்கும் பாரம்போல.
என் பெயரை இறக்குவார் என்று நின்றேன்.

காற்று, என்று எழுதினார்.

கையெழுத்துப் போட்டேன்.
பட்டாவில் முதல் பெயர் அதனுடையதுதானே.