ஐந்தா, பத்தொன்பதா

"எத்தன கிலோ வேணும்?"
பில் புத்தகத்திலிருந்து தலை தூக்காமல் கேட்கிறார்
குள்ளஞ்சாவடி சிலிண்டர் கடை பக்கிரிசாமி.

கடலூர்த் துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு.
நாளைக் காலை அட்டைப்பெட்டிகளில் வருகிறார்கள் ஐந்நூறு பேர்,
முட்டையை விட்டு ஒரே நாள் ஆனவர்கள்.
தாய் கிடையாது. தாய்க்குப் பதில்
தகரக் குடை கவிழ்த்த கேஸ் ஹீட்டர் ஒன்று,
சங்கிலியில் தொங்கிக் கீழ்நோக்கி எரிவது.

மணிக்கு இருநூறு கிராம் தின்னும் என்றான் விற்றவன்.
விற்றவன் சொன்னதில் ஐம்பதைக் கூட்டிக்கொள் என்கிறது
தானே புயலுக்குப் பிறகு
வாரக்கணக்கில் இருட்டில் கிடந்த என் உடம்பு.

பத்தொன்பது கிலோ என்றால்
மூன்று நாளும் நாலு மணி நேரமும்.
ஐந்து என்றால்
ஒரு பகல், ஓர் அரைகுறை ராத்திரி.
கணக்கு பத்தொன்பது பக்கம் சாய்கிறது.
கணக்குக்கு முதுகு கிடையாது.
இரும்பும் வாயுவுமாய் முப்பத்தாறு கிலோ,
என் எடையில் பத்துதான் குறைவு.
மழை பிடித்தால் கொட்டகைக்குப் போகிற வழி
முழங்கால் சேறு.
குட்டை சிலிண்டர் ஒரு குடம் தண்ணீரைவிடக் கொஞ்சம் லேசு.
இடுப்புக்குத் தெரிந்த எடை.

"மூணு அஞ்சு குடுங்க."
"அதுக்குப் பெருசே எடுத்துடலாமே அஞ்சலாட்சி,
காசும் மிச்சம்."
"தூக்குறது நீங்களா?"

கழுத்து வளையத்தில் அடித்த தேதியைப் படித்தேன்.
தராசில் ஏற்றச் சொன்னேன். முனகிக்கொண்டே ஏற்றினார்.
வாயில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன்,
நுரைக்கவில்லை.

இது மூன்றாம் ராத்திரி.
மின்கம்பம் முந்திரித் தோப்பில் படுத்துக்கொண்டிருக்கிறது.
தார்ப்பாயில் ஒரு சாண் திறந்தே வைத்திருக்கிறேன்.
குளிர் வரும்தான்,
மூச்சும் அந்த வழியாகத்தான் வரவேண்டும்.

வெப்பமானி வாங்கவில்லை.
குடைக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் குளிர்.
கொக்கைத் திறந்துகொண்டு ஓரத்துக்கு ஓடினால் சூடு.
முறத்திலிருந்து சிதறிய சோளம்போல்
பரவிக் கிடந்தால் சரி.
இப்போது சரி.

மணி மூன்றே கால்.
கடைசிச் சிலிண்டர் மேல் வெந்நீர் ஊற்றி
உள்ளங்கையைக் கீழே இறக்குகிறேன்.
வெதுவெதுப்பு, வெதுவெதுப்பு,
சட்டென்று சில்.
அங்கிருந்து அடிவரைக்கும்தான் மிச்சம்.
நாலு விரற்கடை.
காலை ஒன்பதுக்கு மேல் தாங்காது.

பெருசு எடுத்திருந்தால்
நாளை ராத்திரி வரைக்கும் கவலையில்லை.
பெருசு எடுத்திருந்தால்
அது இன்னமும் ரோட்டோரத்தில்தான் நின்றிருக்கும்.
இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்க்கிறேன்.
மழை எதற்கும் தலையாட்டவில்லை.

குமிழை அரைச் சுற்றுத் திருகுகிறேன்.
நீலம் சுருங்குகிறது.
கண் திறக்காமலே
நானூற்றுத் தொண்ணூற்றாறு பேரும்
ஓரடி கிட்டே வருகிறார்கள்.