இழுப்பு

பிரேக்கை மிதித்தால் இடப்பக்கம் இழுக்கிறது, லாமாரா, என்றான் நுக்சார்.
எவ்வளவு?
உள்ளங்கையைப் பக்கவாட்டில் அசைத்துக் காட்டினான்.
இவ்வளவு.
கொஞ்சம் யோசித்துவிட்டு
இன்னும் அகலமாக.

அல்வானியில் என் பட்டறை. செப்டம்பர்.
ஆடுகள் மலையிறங்கும் மாதம்.
பழைய காஸ் அறுபத்தாறு, வெளிறிய ராணுவப் பச்சை,
பின்னால் தோல்பைகளில் பாலாடைக்கட்டி,
கம்பளி மூட்டை, காலொடிந்த ஒரு கடா.
இந்த பிரேக்கோடு அபானோ கணவாயை எப்படித் தாண்டினீர்கள்?
எனக்குத் தெரியாது, என்றார் அவன் அண்ணன் வாஜா,
நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.

டயரில் காற்று: சமம்.
முன் பட்டைவில்லின் நட்டுகள்: இறுக்கம்.
பேரிங்கைப் பிடித்து உலுக்கினேன், ஆட்டமில்லை.
ஆறுவரை போய் நாலு தடவை மிதித்து நிறுத்தி வா என்றேன்.
வந்ததும் எச்சில் தொட்டு விரலை வைத்தேன்.
இடது முன்சக்கரத்து டிரம், சுர்ரென்றது.
வலது
ஆற்றுக்கல்லாகக் கிடந்தது.

பார்த்தாயா, இடதுதான்!
வாஜா துள்ளினார். அதைப் பிடுங்கிப் போடு.
பூட்ஸ் காலால் அந்தச் சக்கரத்தை ஓர் உதை வேறு.
எனக்கு அந்தச் சக்கரத்தின் மேல் இரக்கமாக இருந்தது.
அது வேலை செய்கிறது ஐயா, என்றேன்.
இரண்டு பேர் பிடிக்க வேண்டிய கயிற்றை
ஒருத்தன் மட்டும் பிடித்தால்
கயிறு அவன் பக்கம் போகாமல் எங்கே போகும்?

வலதைக் கழற்றினேன்.
எண்ணெய்க் கசிவு இல்லை.
லைனிங் தேயவே இல்லை, அப்படியே கனமாக இருந்தது.
அங்கேதான் எனக்குச் சந்தேகம்:
உழைக்காதவன் செருப்பு தேயாது.
வாஜாவை ஏற்றி உட்கார வைத்து, மிதியுங்கள் என்றேன்.
சிலிண்டர் சும்மா இருந்தது.
ஒன்று, இரண்டு, மூன்று எண்ணிய பிறகு
திருட்டுப் பூனை மாதிரி ஒரு நூல் நகர்ந்தது.

ஹோஸ் புதுசு, என்றான் நுக்சார்,
போன வருஷம்தான் திபிலீசி சந்தையில் வாங்கினேன்.
துணியால் துடைத்துக் காட்டினான். பளபளத்தது.
கத்தியால் நீளவாக்கில் கிழித்தேன்.
உள்ளே ரப்பர் சதைசதையாய் வீங்கி,
நடுவில் ஒரு குண்டூசி போகும் துவாரம்.
மூன்று பேரும் பேசவில்லை.
கடா மட்டும் ஏதோ சொன்னது.

இரண்டு பக்கமும் மாற்றினேன்.
ஒன்றை விட்டால் அடுத்த மாதம்
வலப்பக்கம் இழுக்கிறதென்று வருவார்கள்.
மிதி, பிடி, விடு.
காற்றுக் குமிழிகள் பாட்டிலில் ஏறி ஏறி
நின்றபோது வெயில் மலைக்கு அந்தப்பக்கம் போயிருந்தது.

ஆற்றுப்பாதையில் நானே ஓட்டினேன்.
ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்துவிட்டு
மிதித்தேன்.
இறங்கிப் பின்னால் நடந்து பார்த்தேன்:
புழுதியில் இரண்டு தடம்,
நோட்டில் அடிக்கோல் வைத்துக் கிழித்தது போல.

பிறகு நுக்சார் உட்கார்ந்தான்.
மிதித்தான்.
லாரி வலப்பக்கம் பாய்ந்து
யாருடைய தோட்டத்து வேலியிலோ மூக்கை நுழைத்தது.
இன்னும் இழுக்கிறது! இப்போது அந்தப்பக்கம்!

இல்லை. உன் கை.
ஜூனிலிருந்து, மிதிக்கும்போதெல்லாம்
வலது பக்கம் ஒடித்து ஒடித்துத்தான்
உன் அண்ணனைப் பள்ளத்தில் போடாமல் கொண்டுவந்திருக்கிறாய்.
ஹோஸ் மாறிய செய்தி
கைக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

அதற்கு என்னிடம் ஸ்பேனர் இல்லை.

பணத்துக்குப் பதில் பாலாடைக்கட்டி ஒரு பை எடுத்துக்கொண்டேன்.
வேலிக்காரருக்கு அதில் பாதி போயிற்று.
இருட்டும் வரை ஆற்றங்கரையில் லாரி
ஓடி நின்றது, ஓடி நின்றது.
வாஜா கடாவை மடியில் சாய்த்தபடி தரையில் உட்கார்ந்து,
டார்ச்சை அடித்துத் தடத்தைப் பார்த்துக்
கத்திக்கொண்டிருந்தார்:
வலம்.
இன்னும் வலம்.
கொஞ்சம் வலம்.