ரப்பர்த் துகள்

கெல்சோவில் தேவாலயக் கூடத்துப் பழம்பொருள் விற்பனை.
ஜாம் குப்பிகளுக்கும் ஒரு உடைந்த பாரமானிக்கும் நடுவே
முதல் பிரதியை எடுத்தேன்.
நாலரை பவுண்டு.
"உள்ளே கிறுக்கியிருக்கிறது, அதனால்தான் மலிவு."
கிறுக்கலுக்காகத்தான் வாங்குகிறேன் என்று
நான் சொல்லவில்லை. சொன்னால் விலை ஏறிவிடும்.

முப்பது வருடம் பேருந்து ஓட்டியவன்.
ஒருநாளும் துப்பாக்கி தொட்டதில்லை.
ஆனாலும் என் அலமாரியில் பதினேழு பட்டாளங்கள்
புறமுதுகு காட்டி நிற்கின்றன.

இது கார்ப்பரல் வாட் டெல்ஃபருடையது.
அட்டைக்குள் பெயர், ஒரு சலவைக்கடை ரசீது,
போகாத புகையிலை வாசம்.
கர்னல் எழுதிய வரலாற்றைப்
பென்சிலால் திருத்திக்கொண்டே போகிறான்:
"அன்று மழை இல்லை."
"ரொட்டி வந்தது வியாழன், செவ்வாய் அல்ல."
"இந்த ஆள் அங்கே இல்லவே இல்லை."
இருநூற்றுப் பதினான்காம் பக்கத்தில் மட்டும்
திருத்தம் இல்லை.
"சேதம் சொற்பம்" என்ற அச்சுக்குப் பக்கத்தில்
ஒரு பெயர், அவ்வளவுதான்:
ரென்னிக்.
பென்சில் முனை அங்கே ஒடிந்திருக்கிறது.

ஆறு வருடம் கழித்து
பீபிள்ஸில், ஐலி மெக்ரேயின் கடையில்
இன்னொரு பிரதி. ஆர்ச்சி ஹோகார்த் வைத்திருந்தது.
அதே பட்டாளம், அதே கம்பெனி,
ஓரமெல்லாம் துடைத்துவிட்டாற்போல் வெள்ளை.
எதற்கு இரண்டு, யாருக்காவது விற்றுவிடலாம் என்றுதான்
தூசி தட்டினேன்.
தானாகத் திறந்துகொண்டது
இருநூற்றுப் பதினான்கு.
காகிதம் அந்த இடத்தில் மட்டும்
தேய்ந்து, பஞ்சு கிளம்பி,
தடவினால் கன்னத்துத் தோல் மாதிரி.

மேசை விளக்கைப் படுக்கப் போட்டேன்.
பென்சில் உழுத பள்ளங்களில்
நிழல் மெல்ல நிறைந்தது:
"நாங்கள் விட்டு வந்தபோது
அவனுக்கு மூச்சு இருந்தது."

ஐலியைப் போனில் கூப்பிட்டேன்.
நல்ல விலைக்காக அழித்தாயா என்று
கேட்டதில் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.
"கடையில் ரப்பரே கிடையாது.
வந்தபடிதான் உங்களுக்குக் கொடுத்தேன்" என்றாள்.
பிறகு, "ஏன், ஏதாவது போயிற்றா?"

ஒன்றும் போகவில்லை.
பக்கங்கள் சேரும் மடிப்பின் அடியில்
சாம்பல் நிறத்தில் நாலைந்து துகள்கள்
அப்படியே கிடக்கின்றன.
ஊதிவிட வாய் குவித்தவன்
மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

விற்கவில்லை.
அலமாரியின் மறுகோடியில் செருகி வைத்தேன்,
மற்றப் பட்டாளங்களெல்லாம் நடுவே நிற்க,
டெல்ஃபர் கண்ணில் படாதபடி.